ஒரே குடும்பத்துக் கிரகணங்கள்

1980 ஆம் ஆண்டு பிப்ரவரி 16 ஆம் நாள் சனிக்கிழமை. திருநீற்றுப் புதனுக்கு முந்திய சனி. அன்று பிற்பகல் தென்னாட்டில் எத்தனையோ வீடுகளின் கதவுகள் அடைபட்டிருந்தன. உணவு விடுதிகள் மூடிக் கிடந்தன, பேருந்துகளில் கூட்டமில்லை, சமைத்த சோற்றில் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுவிட்டுப் பெண்கள் இருட்டறைகளில் அமர்ந்திருந்தனர். மக்களை வீட்டுக்குள்ளேயே இருத்தி வைக்கும் பொருட்டுத் தூரதர்ஷன் 'சுப்கே சுப்கே' என்னும் இந்தித் திரைப்படத்தை ஒளிபரப்பியது. சூரியனைச் சந்திரன் முழுதுமாக மறைக்கும் அந்தச் சில நிமிடங்களை நாடே கண்மூடிக் கழிக்க முனைந்த வேளையில், நாங்கள் எழுவர் ஓர் அம்பாசிடர் காரில் திருச்சியிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 750 கிலோமீட்டர் கடந்து, கர்நாடகத்தின் ஹூப்ளிக்கு அருகே ஒரு பருத்திக் காட்டோரம் போய் நின்றிருந்தோம். அப்பா, அம்மா, அப்பாயி, பிள்ளைகள் மூவர், ஓட்டுநர் ஆக எழுவர்.

இவ்வளவு தொலைவு ஏன் போக வேண்டும் என்று அப்போதே பலர் கேட்டனர். திருச்சியிலும் சூரியனின் பெரும்பகுதி மறையத்தானே போகிறது என்றனர். அப்பா பள்ளியில் பௌதிகம் கற்பித்தவர். அவர் சொன்ன மறுமொழி எங்களுக்கு நினைவிருக்கிறது: "கோயில் வாசல் வரைக்கும் போறதும், உள்ளே போய்ப் பூசை காண்பதும் ஒண்ணா?" அவர் சொன்னது முழு உண்மை. சூரியனைச் சூழ்ந்துள்ள ஒளிமகுடம் சூரிய வட்டத்தைக் காட்டிலும் ஏறக்குறைய பத்து இலட்சம் மடங்கு மங்கலானது. நூற்றில் ஒரு பங்கு சூரியன் வெளியே எட்டிப் பார்த்தாலும் அந்த மகுடம் தென்படாது. முழு மறைவின் நிழலோ பூமியின்மீது ஒரு குறுகிய பட்டையாகவே விழுந்து ஓடும். அந்த ஆண்டு அப்பட்டை கார்வார்க் கரையில் ஏறி, ஹூப்ளி, ராய்ச்சூர் வழியாக ஆந்திரத்தைக் கடந்து, ஒரிசாவின் பூரிக் கரையில் இறங்கியது. அகலம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. அதற்கு வெளியே நின்றவர் எவருக்கும் அது கிட்டாது.

அப்பாவுக்கு வேறொரு காரணமும் இருந்தது. 1955 ஆம் ஆண்டு ஜூன் 20 ஆம் நாள் இலங்கையின்மீது ஒரு முழுக் கிரகணம் சென்றது. இருபதாம் நூற்றாண்டிலேயே மிக நீண்ட கிரகணம் அது. உச்ச இடத்தில் 7 நிமிடங்களுக்கும் மேல் நீடித்தது. அந்நாளில் திருச்சியில் போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கிருந்து கப்பலில் தலைமன்னார். இளைஞராயிருந்த அப்பா பணம் சேர்த்து வைத்திருந்தார். ஆனால் அவர் புதிதாய்ச் சேர்ந்திருந்த பள்ளியில், ஜூன் மாதத்தில் விடுப்புக் கேட்டால் வேலையை விட்டுவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டனர். அவர் போகவில்லை. போயிருந்தாலும் பெரும் பயன் விளைந்திராது. அறிவியலார் கூடியிருந்த இடங்களையெல்லாம் அன்று மேகம் மூடிக்கொண்டது. இதை அப்பாவிடம் சொன்னால், "மேகத்தையாவது பார்த்திருப்பேன்" என்பார்.

இருபத்தைந்து ஆண்டுகள் அவர் காத்திருந்தார்.

பயணத்திற்குப் பெருந்தடையாய் நின்றவர் அப்பாயிதான். காலையும் மாலையும் செபமாலை தவறாதவர். பாம்பு சூரியனை விழுங்குகிறது என்று யாராவது சொன்னால் சிரிப்பவர். ஆயினும் கிரகணம் என்றதும் அவருடைய முகம் மாறிவிடும். ஞானஸ்நானம் நெற்றியை நனைத்த அளவுக்கு அச்சத்தை நனைப்பதில்லை போலும். "பேரப்பிள்ளைகளின் கண் போனால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். அது மூடநம்பிக்கை சார்ந்த கேள்வியன்று, நியாயமான கேள்வி. அப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை செய்த உறவினர் ஒருவரிடமிருந்து 14 ஆம் எண் வெல்டிங் கண்ணாடியை வாங்கி வந்து காட்டிய பிறகே அவர் சற்று இணங்கினார். (அக்காலத்தில் பலரும் எக்ஸ்ரே தாளையும் புகைபிடித்த கண்ணாடியையும் பயன்படுத்தினர். அவை கண்ணைக் காக்கமாட்டா என்பதை இங்கே சொல்லிவிடுவது நலம்.) பிள்ளைகளைத் தனியே விடமாட்டேன் என்று கடைசியில் அப்பாயியும் காரில் ஏறினார். பெங்களூரில் ஓர் இரவு, தாவணகெரேயில் ஓர் இரவு எனத் தங்கி, புளியமரங்கள் இருமருங்கும் நிழல்செய்த நெடுஞ்சாலையில் சென்றோம்.

அந்த இரண்டு நாளும் அப்பா பேசிக்கொண்டே வந்தார். கிரகணத்தைத் தேடி ஊர்விட்டு ஊர் போனவர்களின் கதைகளைத்தான் சொன்னார். அவற்றுள் பலவும் நம் நாட்டில் நிகழ்ந்தவை என்பதே எங்களுக்கு வியப்பாயிருந்தது.

1868 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18 ஆம் நாள் ஆந்திரத்தின் குண்டூரில் 5 நிமிடத்திற்கும் மேல் சூரியன் மறைந்தது. அதைக் காண்பதற்கென்றே பிரான்சிலிருந்து ழூல் ழான்சென் என்பவர் வந்திருந்தார். சூரிய விளிம்பில் தழல்போல் எழும்பும் செந்நாக்குகளின் ஒளியை நிறமாலைக் கருவியால் பிரித்துப் பார்த்தார். அவை ஒளிரும் வாயுவே என்று தெளிந்தது. அக்கோடுகள் அத்தனை பிரகாசமாயிருந்தமையால், கிரகணம் இல்லாமலும் இவற்றைக் காணலாமே என்று அவருக்கு அக்கணமே தோன்றியது. மறுநாட் காலையில் முழுச் சூரியன் ஒளிவீசும்போதே அவற்றைக் கண்டும்விட்டார். அதே கிரகணத்தை மசூலிப்பட்டினத்திலிருந்து நோக்கிய சென்னை வானாய்வகத்துத் தலைவர் நார்மன் போக்சன், சோடியத்தின் கோட்டோடு பொருந்தாத ஒரு மஞ்சட் கோட்டைக் குறித்துவைத்தார். இங்கிலாந்தில் நார்மன் லாக்கியர் தனியே அதே வழிமுறையைக் கண்டறிந்தார். அவருடைய செய்தியும் ழான்சென்னின் கடிதமும் 1868 அக்டோபர் 26 அன்று ஒரே நாளில் பாரிஸ் கழகத்தின்முன் வந்தன. அந்த மஞ்சட் கோடு பூமியில் அதுவரை அறியப்படாத ஒரு தனிமத்திற்கு உரியதென்று லாக்கியர் முடிவுகட்டினார். ஹீலியம் எனப் பெயர் வந்தது. பூமியிலேயே ஹீலியத்தை ராம்சே கண்டெடுத்தது 1895 இல்தான். குண்டூரில் ஒரே நாளில் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட்டதென்று பாடநூல்கள் சில எழுதுவது சுருக்கத்தால் நேர்ந்த பிழை. பலர் பல இடங்களில் கண்டதைத் தொகுத்து உணர்ந்ததே அக்கண்டுபிடிப்பு.

ழான்சென்னின் அடுத்த கதையை அப்பா காரை நிறுத்தச் சொல்லிவிட்டே சொன்னார். 1870 டிசம்பர் 22 இல் அல்ஜீரியாவில் ஒரு முழுக் கிரகணம். அப்போது பாரிஸ் நகரைப் பிரஷ்யப் படைகள் முற்றுகையிட்டிருந்தன. உள்ளே சிக்கிய ழான்சென் டிசம்பர் 2 ஆம் நாள் தம் கருவிகளோடு ஒரு வாயுக் கூண்டில் ஏறி, எதிரிப் படைகளின் தலைக்குமேலாகப் பறந்து தப்பினார். கடல் கடந்து ஓரான் நகரை அடைந்தார். கிரகண நாளன்று அங்கே வானம் முழுதும் மேகம். மனிதர் என்ன செய்திருப்பார் என்று நாங்கள் கேட்டோம். "அடுத்த வருஷம் நம்ம ஊருக்கு வந்தார்" என்றார் அப்பா.

அந்த அடுத்த கிரகணம், 1871 ஆம் ஆண்டு டிசம்பர் 12 இல் நிகழ்ந்தது, தமிழ் வழங்கும் நிலத்தின் குறுக்கே ஓடியது. மேலைக்கடற்கரையில் பேக்கல், நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று அதன் தடத்தைச் சொல்லிக்கொண்டு போகலாம். காலை 8 மணிக்கு முன்னரே முழு மறைவு முடிந்துவிட்டது. நீடித்தது 2 நிமிடத்திற்குச் சற்று மிகுதியே. ழான்சென் நீலகிரியின் சோலூரிலும், டென்னன்ட் என்னும் படைத்துறை அதிகாரி தொட்டபெட்டாவிலும், போக்சன் அவிநாசியிலும் முகாமிட்டனர். லாக்கியர் பேக்கல் கோட்டையின்மேல் கருவிகளை நிறுத்தினார். அங்கே சூரியனை விழுங்கும் அரக்கனை விரட்டவென்று ஊர்மக்கள் தீமூட்ட, புகை கருவிகளை நோக்கி வந்துவிடுமென்று அஞ்சிக் காவலர்களைக் கொண்டு அதை அணைக்க வேண்டியதாயிற்று. ஒரே கிரகணத்திற்கு இரு சாராரும் முழு நம்பிக்கையோடு ஆயத்தம் செய்திருந்தனர் என்றுதான் சொல்ல வேண்டும். இம்முறை ழான்சென்னை மேகம் ஏமாற்றவில்லை. ஒளிமகுடத்தின் ஒளியில் சூரியனுக்கே உரிய கருங்கோடுகளை அவர் கண்டார். மகுடம் நம் காற்றுமண்டலம் காட்டும் மயக்கமன்று, சூரியனைச் சூழ்ந்து மெய்யாகவே இருக்கும் பொருள் என்பதற்கு அது வலுவான சான்றாயிற்று.

புதுக்கோட்டைக்கு வந்தவர் உரோமை நகரக் காம்பிதோலியோ வானாய்வகத்தின் தலைவர் லொரென்சோ ரெஸ்பிகி. பிளவு இல்லாத நிறமாலைக் கருவியொன்றை அவர் கையாண்டதால், மகுடமே முழு வளையங்களாக, சிவப்பில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக அவர் கண்முன் தோன்றியது. அதே உரோமையில் அவருடைய காலத்தில் வாழ்ந்தவரே சேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி. புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின்மேல், கோபுரக் குவிமாடம் எழாமலே நின்றுபோன பருத்த சுவர்களின்மீது தம் வானாய்வகத்தை அமைத்தவர். 1860 ஜூலை 18 ஆம் நாள் கிரகணத்தை அவர் ஸ்பெயினின் கிழக்குக் கரையில், கார்மேல் துறவியர் மடமிருந்த மலையில் ஒளிப்படம் எடுத்தார். வாரன் டி லா ரூ என்னும் ஆங்கிலேயர் வடக்கே ரிவபெல்லோசா என்னும் ஊரில் எடுத்தார். இரண்டு படங்களிலும் செந்நாக்குகள் ஒரே வடிவில் விழுந்திருந்தன. ஆகவே அவை சந்திரனுக்கோ நம் காற்றுக்கோ உரியவையல்ல, சூரியனுக்கே உரியவை என்பது உறுதியாயிற்று. ஒரு குருவும் ஒரு வணிகரும், வெவ்வேறு ஊர்களில் நின்று, ஒருவர் கண்டதற்கு மற்றவர் சாட்சி சொன்ன நிகழ்ச்சி அது.

புதுக்கோட்டை என்ற பெயரைக் கேட்டதும், அதுவரை பேசாமலிருந்த அப்பாயி வாய்திறந்தார். அவர் பிறந்தது புதுக்கோட்டைக்குத் தெற்கே ஒரு சிற்றூர். அவருடைய பாட்டி சிறுமியாயிருந்தபோது, விடிந்து கொஞ்ச நேரத்திலேயே திரும்ப இருட்டியதாம். மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிட்ட மாடுகள் பாதி வழியில் நின்று திரும்பித் தொழுவத்திற்கு வந்தனவாம். கோழிகள் கூட்டுக்குள் போயினவாம். வீட்டிலிருந்தோர் பெரிய வியாழன் போல விளக்கெல்லாம் அணைத்துவிட்டுச் செபம் சொன்னார்களாம். அச்சிறுமி மட்டும் திண்ணையில் நின்று மேலே பார்த்தாளாம். பார்த்ததற்காக அவள் வாழ்நாள் முழுவதும் ஏச்சு வாங்கினாளாம். வயலில் மழை பொய்த்தாலும், பிள்ளை நோயுற்றாலும், "நீ அன்னைக்குப் பார்த்தே" என்று சொல்லிக் காட்டுவார்களாம். அப்பாயியின் அச்சம் எங்கிருந்து வந்ததென்று எங்களுக்கு அப்போதுதான் விளங்கிற்று. அது பாம்பைப் பற்றிய அச்சமே அல்ல.

"கல்வாரியிலும் இப்படித்தானே இருட்டிற்று?" என்று தங்கை கேட்டாள். அப்பா இல்லை என்றார். பாஸ்கா விழா முழுநிலவு நாளில் வருவது; சூரிய கிரகணமோ அமாவாசையில் மட்டுமே நிகழக்கூடியது. மேலும் எந்த முழு மறைவும் ஏழரை நிமிடத்தைத் தாண்டாது. நற்செய்தி சொல்வது மூன்று மணி நேர இருள். இந்த வாதம் புதியதன்று. அவ்விருளைக் கிரகணமென்று எழுதிய தல்லுஸ் என்பவரை, மூன்றாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ வரலாற்றாசிரியர் யூலியுஸ் ஆப்பிரிக்கானுஸ் இதே காரணம் காட்டி மறுத்திருக்கிறார்.

நம் மண்ணின் கணிதர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்த லெ ஜாந்தி என்னும் பிரெஞ்சுக்காரர் 1761 இல் போரினால் கடலிலேயே அதைத் தவறவிட்டு, 1769 இல் மேகத்தால் மறுபடியும் தவறவிட்டவர். அவ்விடைக்காலத்தில் அவர் இங்குள்ள தமிழர்களிடம் கிரகணக் கணிதம் கற்றார். அவர்கள் தாளும் எழுதுகோலும் இன்றிச் சோழிகளைத் தரையில் நகர்த்தி, மனப்பாடம் செய்த வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துக் கணக்கிட்ட விரைவைக் கண்டு அவர் வியந்தார். 1825 இல் சந்திர கிரகணம் ஒன்றுக்கு இவ்வாறே கணக்கிட்ட புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி ஜான் வாரன் 'காலசங்கலித' என்னும் நூலில் எழுதிவைத்துள்ளார். ஒரே சமுதாயத்தில் ஒருவன் கிரகணத்தின் நாழிகையைத் துல்லியமாகச் சொல்கிறான். அவன் சொன்ன நாழிகையிலேயே அடுத்த வீட்டுக்காரன் கதவைச் சாத்துகிறான். இதை நினைக்கும்தோறும் நமக்குச் சிரிப்பும் வருத்தமும் ஒருங்கே வருகின்றன.

சனிக்கிழமை நண்பகலுக்குள் இடத்தைத் தேர்ந்தோம். ஹூப்ளியை அடுத்த ஹொசூரிலும், ராய்ச்சூருக்கு அருகே ஜவளகெரேயிலும் இந்திய வான்இயற்பியல் நிறுவனத்தார் பெருங் கருவிகளோடு முகாமிட்டிருந்தனர். எங்களிடம் இருந்தவை வெல்டிங் கண்ணாடியும் ஒரு கைக்கடிகாரமும். ஓட்டுநர் இரண்டு மணிக்குமேல் காரைத் தொடமாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தார். பின்னிருக்கையில் துண்டைப் போர்த்துப் படுத்துக்கொண்டார். அப்பாயி முன்னிருக்கையில், முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுச் செபமாலையோடு இருந்தார். கட்டுச்சோற்றைக் கிரகணம் தொடங்குமுன்பே எங்களை உண்ணச் செய்துவிட்டிருந்தார், தாம் உண்ணவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு புளியமரத்தடியில் தங்கைதான் கண்டுபிடித்தாள்: இலைகளின் இடுக்கு வழியே விழுந்த ஒளிப்பொட்டுகள் எல்லாம் பிறைகளாயிருந்தன. நூற்றுக்கணக்கான பிறைகள் மண்ணில் அசைந்தன. வெயில் சூடு குறைந்தது. காற்று ஒருவாறு அடங்கியது. ஒளி மாலை மஞ்சளாய் மாறாமல் ஈயம்போல் வெளிறியது. மூன்றரை மணியைக் கடந்து சற்றைக்கெல்லாம் மேற்கிலிருந்து ஓர் இருள் எழுந்து வயல்மீது ஓடிவந்தது. சூரியனின் கடைசித் துளி ஒரு மோதிரக் கல்லைப் போல் மின்னி அவிந்தது.

அப்பா வெல்டிங் கண்ணாடியைக் கீழே வைக்கச் சொன்னார். முழு மறைவின்போது மட்டும் வெறுங்கண்ணால் பார்க்கலாம். கருவட்டத்தைச் சூழ்ந்து வெண்பட்டு இழைகள் எல்லாப் பக்கமும் பூவிதழ்போல் விரிந்திருந்தன. சூரியனின் செயற்பாடு உச்சத்திலிருந்த ஆண்டு அது, அதனால்தான் மகுடம் அப்படி வட்டமாயிருந்தது என்று பின்னர்ப் படித்தோம். தலைக்கு மேலே வெள்ளி சுடர்விட்டது. அடிவானமெங்கும் ஒரே நேரத்தில் அந்திச் செம்மை. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்து நொடிகளை எண்ணுவதாகச் சொல்லியிருந்தார், எண்ணவில்லை. அழுதுகொண்டிருந்தார்.

அவர் திடீரெனக் கார்ப் பக்கம் ஓடினார். "அம்மா, வெளியே வா. பார்க்கலாம். ஒண்ணும் ஆகாது. எங்க எல்லார் கண்ணும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கு" என்றார். அப்பாயி வருவாரென்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. அவர் இறங்கினார். முந்தானையை விலக்கினார். மிஞ்சியிருந்தது ஒரு நிமிடமும் இருக்காது. அவ்வளவு நேரமும் அவர் இமைக்காமல் பார்த்தார். மேற்கு விளிம்பில் ஒளி தெறித்ததும் அப்பா அவர் முகத்தைத் தம் கையால் மறைத்தார். அப்பாயி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இதுக்கா அந்தப் பிள்ளையை ஏசினாங்க?" என்று மட்டும் கேட்டார். தம் பாட்டியைத்தான் சொன்னார்.

மறுநாள் ஞாயிறு. திரும்பும் வழியில் ஓர் ஆலயத்தில் கன்னடத்தில் திருப்பலி கண்டோம். அங்கிருந்தோர் எவரும் முந்திய நாள் வெளியே வரவில்லை என்று அறிந்தோம். அப்பாயி அவர்களுக்குத் தமிழிலேயே நடந்ததை விளக்கினார்; அவர்களுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது.

அப்பாவும் அப்பாயியும் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அதன்பின் ஒருநாள் கிரகண அட்டவணைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அப்பா அறியாத ஒன்றை நாம் அறிந்தோம். ஏறக்குறைய 18 ஆண்டு 11 நாள் 8 மணி நேரத்திற்கு ஒருமுறை சூரியனும் சந்திரனும் பூமியும் ஏறத்தாழ அதே நிலைக்குத் திரும்புகின்றன. பழைய பாபிலோனியர் அறிந்திருந்த சுழற்சி இது. இவ்வாறு ஒன்றையொன்று தொடரும் கிரகணங்களை வானியலார் ஒரு குடும்பமாக்கி எண் கொடுத்துள்ளனர். மிஞ்சுகிற 8 மணி நேரத்தில் பூமி மூன்றிலொரு பங்கு உருண்டுவிடுவதால், ஒவ்வொரு முறையும் கிரகணம் வேறொரு நாட்டுக்குப் போய்விடும். மூன்று முறை கழிந்தால் மீண்டும் ஏறத்தாழ நம் பக்கமே வரும். 1871 டிசம்பர் 12 ஆம் நாள் கிரகணம் 130 ஆம் குடும்பத்தைச் சேர்ந்தது. அதற்கு அடுத்தவை 1889, 1908, 1926, 1944, 1962. ஆறாவது, 1980 பிப்ரவரி 16. திண்ணையில் நின்ற அச்சிறுமி கண்டதும், அவளுடைய பேத்தி பருத்திக் காட்டோரம் கண்டதும் ஒரே வரிசைக் கிரகணமே. ழான்சென் சோலூரிலும் ரெஸ்பிகி புதுக்கோட்டையிலும் பார்த்ததும் அதுவே.

அப்பா தவறவிட்ட 1955 கிரகணம் 136 ஆம் குடும்பம். மூன்று சுற்றுக் கழிந்து 2009 ஜூலை 22 இல் அது சூரத் முதல் பாட்னா வரை வட இந்தியாவைக் கடந்தது. பீகாரின் தாரேக்னாவில் பெருந்திரளாய்க் கூடியிருந்தோரை மழைமேகம் ஏமாற்றிவிட்டது. அந்தக் குடும்பத்துக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஒத்துவராது போலும்.

130 ஆம் வரிசை 1998 இலும் 2016 இலும் வேறு நாடுகளில் தோன்றி, 2034 மார்ச் 20 இல், தவக்காலத்து ஒரு மாலைப் பொழுதில், காஷ்மீரத்தின் வடபகுதியைத் தொடப்போகிறது. தங்கையின் பேரன் இப்போதே நிலப்படத்தில் கார்கிலுக்குப் போகும் சாலையைச் சிவப்பு மையால் வரைந்து வைத்திருக்கிறான். பனி உருகிச் சாலை திறந்திருக்குமா என்பதுதான் எங்கள் கவலை. அந்த வெல்டிங் கண்ணாடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. ஒரு மூலையில் கீறல் விழுந்துவிட்டதால் புதியதொன்று வாங்க வேண்டும்.